இடப்பக்கம் நிற்பவன்

ஆரணி
6-2-1983

அன்புள்ள தேவகிக்கு, உன் கணவன் பன்னீர்செல்வம் எழுதுவது. தேசூரில் அத்தைக்குக் காய்ச்சல் இறங்கியதா? நான் இங்கே ஏதோ இருக்கிறேன். தலைவலி விடவில்லை.

மனசை அரிப்பதைக் கேட்டுவிடுகிறேன். பொங்கல் கழிந்து மூன்று நாள், மத்தியானம் நான் கட்டத்தாளில் சேலை முந்தானைக்கு டிசைன் போட உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம், தண்ணீர்த் தொட்டி அருகில் ஒருவன் நின்றான். நீலச் சட்டை, படிய வாரிய தலை. நீ அவனைத் தாண்டித்தான் குடத்தோடு உள்ளே வந்தாய். “யாரு அது?” என்றேன். “யாருமில்லியே” என்றாய். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். கண்ணெதிரே நிற்பவனை இல்லை என்று சொல்ல எவ்வளவு பழக்கம் வேண்டும்?

உன் பெட்டியைக் குடைந்ததும், தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டதும் தப்புதான். அவன் பேரை மட்டும் எழுது. நான் கோபப்பட மாட்டேன்.

பன்னீர்செல்வம்


தேசூர்
11-2-1983

அன்புள்ள மாமாவுக்கு, தேவகியின் வணக்கம். அம்மா நன்றாக இருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து நான் இங்கே வரவில்லை. தெருவுக்காக அப்படிச் சொல்லிக்கொண்டோம்.

இல்லாத ஆளுக்கு எந்தப் பேரை எழுதட்டும்? எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. தீபாவளிக்கு வந்த உங்கள் அக்கா அபிதகுசாம்பாள், போளூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று உங்கள் காதில் போட்டது எனக்குக் கேட்டது. என்னை அனுப்பக் காரணம் வேண்டும் என்று நீலச் சட்டைக்காரனை நீங்களே உண்டாக்கினீர்களா? அப்படியென்றால் நேராகவே சொல்லிவிடுங்கள். போய்விடுகிறேன்.

நிலைக்கதவில் இடித்துக்கொண்டீர்களே, இடது தோள், வீக்கம் வடிந்ததா?

உங்கள் தேவகி


ஆரணி
20-2-1983

அன்புள்ள தேவகி,

அக்காவிடம் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டேன். என் தாயார் மேல் சத்தியம்.

நேற்று உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அப்படியும் அவன் வந்தான். கூடவே பச்சைப் பாவாடை கட்டின சின்னப் பெண். முதலில் நீ சாவி கொடுத்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்தாழ்ப்பாளுக்கு ஏது சாவி? முழக்கோலை எடுத்து ஓங்கி அடித்தேன். சுவரில் பட்டது. நான் திரும்பத் திரும்ப அவனும் இடப்பக்கமே நகர்கிறான். வாய் திறப்பதில்லை.

முதலாளி பலராமன் என் டிசைனைத் திருப்பி அனுப்பிவிட்டார். “இன்னாப்பா, எடது பாதி வெறும் கட்டமா கெடக்குது?” என்று ஆள்விட்டுக் கேட்கிறார். நான் முழுசாகத்தான் போட்டேன். அழித்தது யார்? எல்லாரும் சேர்ந்து எனக்கு என்னவோ செய்கிறீர்கள். இல்லாவிட்டால் எனக்கே என்னவோ ஆகிவிட்டது.

பன்னீர்செல்வம்


தேசூர்
24-2-1983

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதின தாளை இரண்டு தரம் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தாளின் நடுவில்தான் தொடங்குகிறது. இடது பாதி வெறுமை. இடித்தது இடது தோள். டிசைனில் விட்டுப்போனது இடது. அவன் நிற்பதும் இடது. எல்லாம் ஏன் ஒரே பக்கம்?

அண்ணன் ஜெயவேலிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவனோடு சென்னைக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். அக்கா மந்திரிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள். ஜெயவேல்மேல் சந்தேகப்பட்டு வழியில் இறங்கிவிடாதீர்கள்.

உங்கள் தேவகி


சென்னை
14-3-1983

அன்புள்ள தேவகி,

இதை நான் சொல்ல ஜெயவேல் எழுதுகிறான்.

டாக்டர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை ஆட்டினார். வலப்பக்கத்து விரல் தெரிந்தது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணை மூடினாலும் அப்படியே, மறு கண்ணை மூடினாலும் அப்படியே. “கண்ணு நல்லாத்தான் இருக்கு. தலைக்குள்ள பாக்கணும்” என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்புறத்தில், வலப்பக்கம், நெல்லிக்காய் அளவு காசநோய்க் கட்டி. பார்வைக்கான இடமாம் அது. அந்த வலது பாதிதான் இடப்பக்கத்தைப் பார்க்குமாம். அது கெட்டதால் அந்தப் பக்கத்திலிருந்து சேதி வருவதில்லை. மூளை சும்மா இருக்காமல் தானே ஆளைச் செய்து நிறுத்துகிறதாம்.

“அவங்க பேசுனாங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“இது பைத்தியம் இல்ல. பயப்படாதீங்க.”

மாத்திரையும் ஊசியுமாக ஒன்றரை வருஷம். கட்டி கரையும், பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்கிறார். இப்போதும் அந்த நீலச் சட்டைக்காரன் கட்டில் ஓரம் நிற்கிறான். பயமில்லை. எல்லாம் கட்டி செய்த வேலை, தேவகி. வீட்டுக்கு வந்துவிடு.

உன் பன்னீர்செல்வம்


தேசூர்
19-3-1983

மாமாவுக்கு,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அழுதோம். கரைகிற கட்டி என்பது பெரிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை கூடவே இருப்பேன்.

ஆரணிக்கு வரமாட்டேன்.

நீலச் சட்டைக்காரனைக் காட்டியது கட்டி. அவன் எனக்கு வேண்டியவன் என்று முடிவு செய்தது நீங்கள். அது தலையில் எந்தப் பக்கம் என்று டாக்டரைக் கேட்டீர்களா? நாளைக்கு நான் பால்காரரிடம் நின்று பேசினால், அவர் நிஜ ஆள்தானா என்று முதலில் பார்ப்பீர்கள். நிஜம் என்று தெரிந்த பிறகு என்ன நினைப்பீர்கள்? எனக்கு இப்போது உங்கள்மேல் சந்தேகம் பிடித்துக்கொண்டது. விட மாட்டேன் என்கிறது.

இங்கே பால்வாடியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சித்திரையில் சேர்கிறேன்.

ஊசியை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். ரோட்டைத் தாண்டும்போது கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தேவகி