1867-ஆல் வகுத்தபோது

குடியாத்தம்,
14.7.2024

அன்பு மகள் ஹரிணிக்கு அப்பா எழுதுவது.

நாலு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன் புனே முகவரியை உன் தோழி ஜஹீதாவிடம் வாங்கினேன்.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லையம்மா. உன் தம்பி நவநீதன் போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டான். இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வேலூருக்கு அழைத்துப் போய் டயாலிசிஸ் செய்துவந்தோம். நீ சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனதும், தம்பியின் போனிலிருந்து உன் நம்பரை அழித்தவன் நான். உன்னோடு பேசமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்து அவனிடம் சத்தியமும் வாங்கினேன். அதனால்தான் உனக்கு எதுவுமே தெரியாமல் போனது.

நீ கிளம்பின அன்று அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 3754537 என்று எழுதி, 'இது பகா எண்ணா, உடையுமா? கண்டுபிடித்துவிட்டுக் கூப்பிடு' என்று குறித்திருந்தாயே, அதை அவன் விடவேயில்லை. இடது கையில் மெஷின் மாட்டியிருக்கும். நாலு மணி நேரமும் வலது கையால் வகுத்துக்கொண்டிருப்பான். கடைசி இலக்கம் ஏழு, அதனால் இரண்டும் ஐந்தும் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்து நாலு, மூன்றும் போகாது என்று எனக்கு விளக்குவான்.

"இன்னாத்துக்குடா இந்தப் பேஜார்? போன்ல போட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுமே" என்றேன்.

"அக்கா என்னைத்தானே கேட்டா, போனையா கேட்டா?" என்றான். எதுவரைக்கும் வகுப்பாய் என்று கேட்டதற்கு, "1937 வரைக்கும் போதும்பா. ரெண்டா உடைஞ்சா ஒரு துண்டு அதுக்குள்ள இருந்தாகணும்" என்றான். கண்டுபிடித்த பிறகு அக்காவை எப்படிக் கூப்பிடுவாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக அவன் வகுத்தது 1861-ஆல், மீதி 900. அடுத்து வகுக்கவேண்டிய பகா எண்களை ஓரத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். பால் தெளித்துவிட்டு வந்த அன்று நோட்டை எடுத்து, அடுத்ததாக இருந்த 1867-ஆல் நான் வகுத்தேன். எட்டாவது படித்தவன், தறியே கதியாக இருந்தவன். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 2011 வருகிறது. மீதி இல்லை. ஒரே ஒரு எண் இருந்ததம்மா, அதற்குள் போய்விட்டான்.

இதைச் சொல்ல உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்ப் பேனா எடுத்துவந்து கொடுத்தாள்.

வருகிற 24-ஆம் தேதி புதன்கிழமை காரியம். நெல்வின் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா. எந்த வண்டி என்று தெரிவிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஸ்டேஷனிலேயே இருப்பேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ராஜகோபால்