பத்து லட்சத்து ஒன்று

அன்பு மனைவிக்கு,

இங்கு நலம். உன் நலமும், அக்காவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். ஒழுகிய குழாயைச் சரிசெய்துவிட்டேன்.

இவ்வளவு எழுதுவதற்கே மூன்று தாள்களைக் கிழித்தேன்.

என் பாடப்புத்தகத்தின் அச்சுப்படியை நீ வாசித்த அன்று, பத்து லட்சத்து ஒன்று பகா எண் என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இது நூத்தியொண்ணால வகுபடுதே" என்றாய். அச்சகக்காரர் எதிரில் இருந்தார். "சட்டைக்குக் காஜா எடுக்கறவளுக்குப் பகா எண் எதுக்கு?" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். நீ கோபிக்கவில்லை. "நூத்தியொண்ணு நூத்தியொண்ணா அடுக்கினா, நூறுக்கு ஒண்ணு குறையுது. நூறு நூறு, பத்தாயிரத்துக்கு ஒண்ணு மிஞ்சுது. அதுபோல நூறு, பத்து லட்சத்துக்கு மறுபடி ஒண்ணு குறையுது. அந்தக் கடைசி ஒண்ணு வந்து சரியாக்கிடுது" என்றாய்.

நீ உள்ளே போனதும் வகுத்துப் பார்த்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி இல்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவன் தப்பு செய்யலாம். அதற்குப் பிறகு செய்ததைத்தான் எழுதக் கூசுகிறது. உன் விளக்கத்தை அப்படியே முப்பத்து நான்காம் பக்கத்தில் சேர்த்தேன். முன்னுரையில் அட்டை வரைந்தவருக்குக்கூட நன்றி சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. துறையில் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். சும்மா யோசித்தேன் என்றேன்.

புத்தகம் வந்ததும் நீ அந்தப் பக்கத்தைப் பார்த்ததை, கதவருகே நின்று நானும் பார்த்தேன். மூடி வைத்துவிட்டு, பத்து நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாய். இரண்டு மாதமாகிவிட்டது.

நேற்று உன் அத்தான் போன் செய்தார். "புத்தக வேலையில மூச்சுவிட நேரமில்லையாமே, தொந்தரவு வேணாம்னுதான் இங்க இருக்கேன்னு சொன்னா" என்றார். அங்கேயும் என் மானத்தை நீதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய்.

இன்று துறைக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலையில் போனில் சொன்னபோது அச்சகக்காரர் மட்டும், "அன்னைக்கு நானும் சிரிச்சேனே சார்" என்றார். விற்காத பிரதிகளில் உன் முழுப் பெயரோடு சீட்டு ஒட்டி வருகிறேன். விற்றுப்போன நூற்றுச் சொச்சத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்காவிடமும் அத்தானிடமும் உள்ளதைச் சொல்லிவிடு. இனி எனக்காக நீ சாக்குச் சொல்ல வேண்டாம்.

வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கல்லூரி விட்டதும் நேராக வீட்டுக்குத்தான் வருகிறேன், வேறெங்கும் போவதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்