கதவுக்குப் பின்னால் வைத்த பொல்லு

அக்கா,

இன்று காலை கீழ்க்கடையில் வடை பொரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த மணம் மூன்றாம் மாடி வரை ஏறி வந்தது. மற்றவர்களுக்குப் பசி வந்திருக்கும். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்றுத்தான் நகரசபைக்காரர் மறுபடியும் எங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். போய்விட்டு வந்ததிலிருந்து உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் இல்லாவிட்டால் என்ன, எழுதியாவது பிடிக்கிறேன்.

முதற்கூட்டம் நினைவிருக்கிறதா? மார்க்ஸ் டோர்மோயில் நீங்களும் நானும் அடுத்தடுத்த வீட்டில் இருந்த கட்டட வாசலில் தமிழிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். வயதானவர்களில் யாருக்கு வீட்டு உதவி கொடுப்பது என்ற விதியை மாற்றப்போகிறார்களாம். அதற்கு முன் சனத்திடம் கேட்கப்போகிறார்களாம். அதைப் படித்து நீங்கள் மனம் குளிர்ந்துபோனீர்கள்.

"எங்கடை பாஷையிலை எழுதிக் கேக்கினமடி. கேக்கிற ஆக்களுக்குப் போய்ச் சொல்லத்தானே வேணும்!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினீர்கள். நான் வரவில்லை என்றதற்கு, "உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று ஏச்சு வேறு.

அந்த உதவி இல்லாமல் உங்களுக்கு ஒரு நாளும் ஓடாது. இடுப்பு முறிந்த பிறகு நீங்களாகக் குளிக்க முடியாது. காலையில் வரும் அந்த மாலி நாட்டுப் பெண்தான் உங்களைப் பிடித்துக் குளிக்க வார்த்து, தலை இழுத்துச் சீவி, சோறும் வைத்துவிட்டுப் போவாள். லெ பிளாங்-மெனிலில் இருக்கும் உங்கள் மகனுக்கு எப்போதும் வேலை. "ஞாயிறு வாறன் அம்மா" என்பான். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லமாட்டான்.

இதைச் சொல்லத்தானே கூட்டத்துக்குப் போனோம்? நீங்கள் என்ன செய்தீர்கள்? விடியவே அந்தப் பெண்ணைக் கொண்டு உளுந்து அரைப்பித்து, கதிரையில் இருந்தபடி வடை தட்டினீர்கள். பட்டுச்சேலை உடுத்தீர்கள். ஊன்றி நடக்கும் பொல்லைக் கதவுக்குப் பின்னால் வைத்தீர்கள்.

"பொல்லை எடுங்கோ அக்கா."

"நாலு பேருக்கு முன்னாலை நொண்டிக்கொண்டு போறதோ? உன்ரை கையைத் தா."

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம் வரை உங்கள் முழுப் பாரமும் என் தோளில். நீலச்சட்டக் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா ஒருத்தி இருந்தாள். மொழிபெயர்க்க எங்கள் தமிழ்ப் பெட்டை ஒருத்தி. "வீட்டில் உங்களை யார் பார்க்கிறார்கள்?" என்று அதிகாரியம்மா கேட்டாள். நீங்கள் என் கையைப் பிடித்து எழும்பி, ஒலிவாங்கியை வாங்கினீர்கள்.

"எங்கடை சனம் தாய் தேப்பனைக் கைவிடாது. என்ரை மகன் கூப்பிட்டால் ஓடி வருவான். எங்களுக்கு ஒரு குறையுமில்லை."

மண்டபமே கைதட்டியது. நான் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். கதிரையில் திரும்ப இருந்த பிறகு என் காதில் சொன்னீர்கள்: "பெத்த பிள்ளையை மற்றவைக்கு முன்னாலை குறைச்சுச் சொல்லுறதோ? உதவி வேணுமெண்டு அவைக்குத் தெரியுந்தானே." கண்ணாடியம்மா வடையை ருசித்துச் சாப்பிட்டாள். இன்னொன்றும் எடுத்தாள்.

தெரியுமாம்! விதி மாறிய பிறகு அவளேதான் உங்கள் வீட்டுக்கு வந்தாள், உங்கள் நிலைமையைப் பார்க்க. நானும் இருந்தேன். வீட்டுக்கு வந்தவளுக்கு நீங்கள் மேசையைப் பிடித்துப் பிடித்து எழும்பித் தேத்தண்ணி ஊற்றினீர்கள். குடித்தாள். குடித்துவிட்டு, நீங்களே எழும்பி நடக்கிறீர்கள், மகனும் ஓடி வருவாரென்று கூட்டத்தில் சொன்னீர்களே என்றாள். அந்தளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். எங்களை வாஞ்சையாகக் கூப்பிட்டு வைத்துப் பேச விட்டது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அடுத்த கிழமை அந்த மாலிப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

மகனுக்கு நான் போன் பண்ணினேன். "அன்ரி, அம்மா தனக்கு ஒண்டும் இல்லையெண்டுதானே சொல்லுறா" என்றான். நீங்கள் குளியலறையில் விழுந்து கிடந்ததைக் கண்டவளும் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை. செத்தவீட்டில் அவன் எழும்பி, "அம்மா ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்தவ" என்று பேசினான். உங்கள் வசனமேதான் அக்கா.

சரி, அவர்கள் ஏமாற்றினார்கள். மகன் கைவிட்டான். நீங்கள்? 'என்ரை மகன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் உங்களோடு போயிருக்கும். 'எங்கடை சனம்' என்றல்லவா சொன்னீர்கள்? எனக்கு முழங்கால் விட்டுப்போய் உதவி கேட்டபோது, "உங்கள் ஆட்களில் பிள்ளைகள்தானே பார்ப்பார்கள்" என்று சிரித்தபடி திருப்பி அனுப்பினார்கள். என் மகள் கனடாவில். உங்களுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே என்னையும் சேர்த்து விற்றுவிட்டீர்களே!

நேற்று நான் வடை சுடவில்லை. வீட்டுச்சட்டையோடும் கம்பளிக்கோட்டோடும் போனேன். அதே கண்ணாடியம்மா என்னை அடையாளம் கண்டு, இந்த முறை பலகாரம் இல்லையா என்று பகிடி விட்டாள். அதே கேள்வியைக் கேட்டாள். ஒலிவாங்கியை வாங்கினேன்.

"என்னை ஒருத்தரும் பாக்கிறேல்லை. பெத்த மகள் கிழமைக்கு ஒருக்கால் கதைப்பாள், அவ்வளவுதான். என்னாலை தனியக் குளிக்கேலாது. நான் நல்லாய் இருக்கிறனெண்டு ஆரும் எழுதாதேங்கோ."

ஒருத்தரும் கைதட்டவில்லை. எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "மானத்தை வாங்குறா" என்று முணுமுணுத்தார். கண்ணாடியம்மா என்ன செய்வாளென்று தெரியாது. அவளை நான் நம்பவும் இல்லை. வெளியே வரும்போது மட்டும் ஒரு மனுசி என் கையைப் பிடித்து, "எனக்கும் அப்பிடித்தான் தங்கச்சி" என்றார். உள்ளே சொல்லவில்லை, வாசலில்தான் சொன்னார்.

உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை அக்கா. வீட்டைத் துப்புரவாக்கியபோது உங்கள் மகன் பொல்லைக் குப்பையோடு வைத்துவிட்டுப் போனான். நான் எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அதைத்தான் ஊன்றிக்கொண்டு போனேன், எல்லோரும் பார்க்க.