கந்தோருக்குக் கட்டும் சோறு

ஆவணி 20, திங்கள்

விடியவே காற்று. மழைக்குணம் இல்லை. தெருப்புழுதி குசினி வரை.

மகள் தவமணியின் லீவு முடிந்தது. இன்று தொடக்கம் திரும்பவும் கிளிநொச்சிக் கந்தோரில் எழுத்து வேலை. தாய்க்கு எட்டாம் நாள் கிரியை, எட்டுச் செலவு, முடிந்த கையோடு பிள்ளை வேலைக்கு. இத்தனை காலமும் விடிய எழும்பி அவளுக்குச் சோறு கட்டியவள் என் மனைவி பாக்கியம். இன்று நான்.

சோறு, பருப்பு, முருங்கையிலை வறை. வாழையிலையை நெருப்பில் வாட்ட மறந்தேன். மடிக்க, நடுவால் கிழிந்தது. அரிவரிப் பிள்ளைக்கு எழுத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாதது போல, எனக்குப் பொதியை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியவில்லை. மூன்றாவது இலையில் சரிவந்தது. பிள்ளை ஓட்டமும் நடையுமாகப் பஸ்ஸுக்கு.

அக்கா செத்தவீட்டுக்குச் சாவகச்சேரியிலிருந்து வந்தவள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நிற்பாள். மத்தியானச் சமையல் அவளுடையது. பொதி மட்டும் கட்டமாட்டாளாம். குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே:

"வீட்டில இருக்கிற ஆக்களுக்குச் சமைக்கிறன். கந்தோருக்குப் போற பெட்டைக்கு நான் கட்டமாட்டன். கட்டினால் நானும் அதுக்கு ஓம் எண்ட மாதிரி."

"உங்களை ஆர் அக்கா கட்டச் சொன்னது?"

"எத்தினை நாளைக்குத் தம்பி நீ அடுப்பூதுவாய்? தாயில்லாத பிள்ளை. அந்தியேட்டி முடிய என்னோட கூட்டிக்கொண்டு போறன். வேலையை விடட்டும். ஒருத்தன்ர கையில பிடிச்சுக் குடுப்பம்."

"அவள் வேலைக்குப் போவாள்."

"சரி, பாப்பம். அந்தியேட்டி வரைக்கும் நீ ஒழுங்காக் கட்டிக் குடு, நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் பெட்டை என்னோட."

நான் கிணற்றடிக்குப் போனேன். பாத்திரம் கழுவக் கிடந்தது.

ஆவணி 21, செவ்வாய்

வெயில். முதுகு நோ.

நேற்றைய பருப்பு மத்தியானத்துக்குள் புளித்துவிட்டதாம். தேங்காய்ப்பால் விட்டிருந்தேன். இந்த வெக்கையில், கட்டிய இலைக்குள் பால் எத்தனை மணி நேரம் தாங்கும்? பொதிக்குப் பால் கறி கூடாது. எனக்கு நானே எழுதி வைப்பது:

தாங்குபவை: வறை, பொரியல், வறுத்து இடித்த சம்பல், புளிச்சோறு, தேசிக்காய் ஊறுகாய், மோர்மிளகாய்.
தாங்காதவை: பால் விட்டது எல்லாம். இடியப்பம், சொதி என்ற கதைக்கே இடமில்லை.
எருமைத் தயிர்: சோறு நன்றாக ஆறிய பிறகு மட்டும்.

துக்கவீட்டில் மீன், மச்சம் சேராத காலம். ஒரு வகையில் நல்லது. எனக்கு மீன் வெட்டவும் தெரியாது.

அக்காவின் பேச்சைத் தவத்திடம் சொன்னேன். தலைமயிரை அவிழ்த்துக்கொண்டே, "அங்க போய் என்ன செய்யிறது ஐயா? வாறவை போறவை பாத்திட்டுப் போகட்டும் எண்டு குந்தியிருக்கிறதோ?" என்றாள். பிறகு, "ஆனா நீங்கள் களைச்சுப் போறியள்" என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது பேச்சுத்தான் எனக்குப் பயம். அக்கா கூப்பிட்டு அவள் போகமாட்டாள். என் களைப்பைப் பார்த்துப் போவாள்.

இனி அவள் முன்னால் முதுகைப் பிடிப்பதில்லை.

ஆவணி 23, வியாழன்

புளிச்சோறு. கடுகு வெடித்து மணிக்கட்டில் பட்டது. சட்டைக்கையை இறக்கி விட்டேன்.

உப்புச் சரியோ என்று ஒரு பருக்கையை வாயருகே கொண்டுபோக, அக்கா பின்னால் நின்று சத்தம் போட்டாள்.

"என்ன செய்யிறாய் நீ? அவளுக்குப் படைக்கிற சோத்தையோ ருசி பாக்கிறாய்?"

நியாயம்தான். இந்தச் சோற்றில்தான் ஒரு பிடி எடுத்து, பாக்கியம் கிடந்த அறையில் விளக்கடியில் படைப்பது. அதற்கு முன் யாரும் வாயில் வைப்பதில்லை. அக்கா வெயில் ஏறக் குளித்துத்தான் படைப்பாள். பஸ் அதற்கு எவ்வளவோ முந்தி. ஆகவே நான் ருசி பாராமலே கட்டுகிறேன். படைத்தது காகத்துக்குப் போகிறது. மத்தியானம் நான் தின்பது அக்காவின் சமையல். நான் சமைப்பதை இதுவரை நான் தின்றதே இல்லை. காகம் குறை ஒன்றும் சொல்லவில்லை.

பகல் முழுதும் நித்திரை. எழும்பியும் களைப்பு.

ஆவணி 28, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய் வறை. இலை வாட்டுவது கைவந்துவிட்டது. ஒன்றாவது வந்ததே.

பின்னேரம் வந்தவளைக் கேட்டேன்.

"எப்பிடிப் பிள்ளை சோறு?"

"நல்லது ஐயா."

ஒவ்வொரு நாளும் இதே பதில். நான் படிப்பித்த காலத்தில், வகுப்பில் "விளங்கிச்சோ?" என்று கேட்டால் விளங்காதவன்தான் முந்திக்கொண்டு "ஓம் சேர்" என்பான். விளங்கியவன் ஏதாவது கேள்வி கேட்பான். தவம் கேள்வியே கேட்கிறாள் இல்லை. "நாளைக்கு ஊறுகாய் கொஞ்சம் கூட வையுங்கோ" என்று மட்டும்.

மெலிந்திருக்கிறாளோ? தாயை இழந்த பிள்ளை மெலியத்தான் செய்யும். அல்லது என் சோற்றால். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்று தவத்தின் கை வளையலைத் தள்ளிப் பார்த்தாள். முழங்கை வரை போனது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

புரட்டாதி 2, ஞாயிறு

துக்கம் விசாரிக்கத் தவத்தோடு வேலை செய்யும் பிள்ளை வந்தாள். புவனேஸ். கந்தோரில் ரைப்பிஸ்ட். நல்ல வாய். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள்.

"மாஸ்டர், நீங்களோ சமைக்கிறனியள்? எங்கட கந்தோரில இதுதான் கதை. எங்கட ஐயாமாருக்குச் சோத்துக் கோப்பையில கை கழுவத்தான் தெரியும்."

எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உப்புத்தான் கொஞ்சம் இல்லை மாஸ்டர். அதுக்கென்ன? தவம் மேசை லாச்சிக்குள்ள ஒரு போத்தில் உப்பு வைச்சிருக்கிறா. எனக்கும் தாறவா."

தவம் அவளைப் பார்த்த பார்வை! புவனேஸ் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கூடிப் போனால் எடுக்க முடியாதே என்று பயந்து, இத்தனை நாளும் நுனிவிரலால் போட்டிருக்கிறேன். அதுவும் ருசி பாராமல்.

அக்கா காத்துக்கொண்டிருந்த தருணம் இது. புவனேஸ் படலை தாண்டும் மட்டும் பொறுத்தாள்.

"கேட்டியோ தம்பி? உப்பில்லாச் சோத்தைத் திண்டு திண்டு பிள்ளை காஞ்சு போச்சு. இனி என்ன கதை? நான் சொன்னது சொன்னதுதான்."

எனக்கு வாதாட வலு இல்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே. அவ்வளவு அலுப்பு.

தவம்தான் சொன்னாள். சத்தம் போடவில்லை.

"உப்பு லாச்சிக்குள்ள இருக்கு மாமி. கடையிலயும் இருக்கு. விடியப்புறம் எழும்பி எனக்குச் சோறு கட்டிற ஆள்தான் ஒரு இடத்திலயும் இல்லை. அம்மா இருந்தா. இப்ப ஐயா இருக்கிறார். நான் வேலைக்குப் போறதெண்டு அவை ரண்டு பேரும் எழும்பினவை. நான் எப்பிடி விடுறது?"

அக்கா கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். இன்னொரு தரமும் அவிழ்த்து முடிந்தாள்.

"வாய் மட்டும் தாயைப் போல" என்று எழும்பிப் போனாள்.

புரட்டாதி 3, திங்கள்

நான் எழும்ப முந்திக் கிணற்றடியில் வாளிச் சத்தம். அக்கா. இருட்டோடு தலை முழுகி, ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.

"சோறு இறக்கிப் போட்டியோ? ஒரு பிடி தா. படைச்சிட்டு வாறன். பிறகு நீ ருசி பாத்துக் கட்டு."

படைத்தாள். வந்தாள். முதல் தரம் என் சமையலை என் வாயில் வைத்தேன். கத்தரிக்காய்ப் பொரியல். கடவுளே, இதையா "நல்லது ஐயா" என்று தின்றாள் இந்தப் பிள்ளை! பொதிக்கென்று எடுத்து வைத்ததில் உப்பைப் போட்டேன். பார்த்தேன். இன்னும் கொஞ்சம்.

"பயப்பிடாமப் போடு. உப்புத்தானே, பாம்பில்லையே" என்றாள் அக்கா. தானும் ஒரு துண்டு எடுத்து மென்றாள். நல்லதென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை.

"அப்ப, தவம்?" என்று கேட்டேன்.

"அந்தியேட்டி இன்னும் முடியேல்லை."

புரட்டாதி 8, சனி

அந்தியேட்டி முடிந்தது. ஐயர், சனம், இலைகள், எச்சில். நின்று நின்று கால் வீக்கம். பாக்கியத்தின் அறையில் இனி விளக்கு இல்லை. விளக்கடியில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்தேன். நிறைய எழுத நினைத்தேன். முடியவில்லை.

சனம் போன பிறகு அக்கா பரணிலிருந்து தகர றங்குப்பெட்டியை இறக்கச் சொன்னாள். "பெரிசை இறக்கு" என்றாள். அவள் வந்தது ஒரு சின்னப் பையோடு. பெரிய பெட்டி எதற்கு, யாருடைய உடுப்புக்கு? கேட்கத் துணியவில்லை. இறக்கிக் கொடுத்தேன். தவம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புரட்டாதி 10, திங்கள்

வானம் மூடம். தூற்றல் போலத் தொடங்கி நின்றுவிட்டது.

இரண்டு பொதி கட்டினேன். தவத்துக்கு ஒன்று. அக்காவுக்குப் பயணத்துக்கு ஒன்று, அவளே கேட்டாள். தயிர்ச்சோறு, மோர்மிளகாய், இடித்த சம்பல்.

றங்குப்பெட்டியைத் தூக்க, பாரம். பாக்கியத்தின் சேலைகள். தன் ஊரில் உடுக்க இல்லாத சனத்துக்குக் கொடுக்கப் போகிறாளாம். தவத்தின் உடுப்பு ஒன்றும் இல்லை. தெரிந்தும் பஸ் நிலையம் வரை பயம் விடவில்லை. அக்கா வாயால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

கிளிநொச்சி வரை இருவருக்கும் ஒரே பஸ். கொண்டக்டர் பெடியன் அவசரப்படுத்தினான்.

"ஆச்சி, கெதியா ஏறுங்கோ."

"ஆரடா ஆச்சி? உன்ர கொம்மாவைவிட எனக்கு ரண்டு வயசு குறைவு."

பஸ்ஸில் சிரிப்பு. ஏறி இருந்தவள் தவத்தின் மடியிலிருந்த பொதியை எடுத்தாள். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். யன்னலால் தலையை நீட்டினாள்.

"தம்பி, இது காணாது. நாள் முழுக்க இருந்து எழுதுற பிள்ளை. நாளைக்கு இன்னும் ஒரு அகப்பை போட்டுக் கட்டு."

பஸ் எடுத்துவிட்டான். தவம் திரும்பிப் பார்த்தாள். புழுதிக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை.

வீட்டில் ஒருவரும் இல்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். குசினியில் பாதிப் பூசணி இருக்கிறது. நாளைக்கு அது.