உறை போட்ட ஸ்மார்ட் போர்டு

செவ்வாய், இரவு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் உறை கழற்றும் எங்கள் பள்ளி ஸ்மார்ட் போர்டை இன்று பத்தாம் வகுப்புக்குப் போட்டேன். வகுப்பில் பேசவே பேசாத ஸ்டெல்லா எழுந்து வந்து, திரையில் துடித்த இதயத்தை விரலால் திருப்பினாள். "சார், இந்த வால்வு மூடலன்னா ரத்தம் திரும்பிப் போயிடுமா?"

தலைமையாசிரியர் வந்து போர்டை அணைத்துவிட்டார். "புள்ளைங்க கை பட்டா கெட்டுப்போயிடும் சார். ஆபீசர் வரப்ப போட்டுக்கலாம்."

"அப்ப பாடம் ஆபீசருக்கா சார்?" என்றாள் ஸ்டெல்லா. அவளை வெளியே நிற்க வைத்தார். இனி அவள் வாய் திறப்பாளா?

விடமாட்டேன். நடந்ததை எழுதி அரியலூருக்கு, கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவேன். பெயரைப் போட்டால், தலைமையாசிரியர் பதவி கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல் உண்டுதான். அதனால் கையெழுத்து இல்லாமலே நாளை தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யார் என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். தெரியட்டும்.