கதவைத் திறக்காத அரசனும் மதுக்கரை வாட்ச்மேனும்

20-1-1995, வெள்ளி

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "கதைச் சுருக்கம் கேட்கவில்லை. ஆய்வு எங்கே?"

ஆய்வு எங்கே என்றால் நான் என்ன சொல்வது? பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்குள் எங்காவது இருக்கும், தேடிப் பார்த்தால் என்ன?

அஞ்சல் வழி பி.ஏ. தமிழ், கடைசி வருஷம். பழைய துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழில் கொடுத்து, 'நாடகத்தில் பிடிவாதம்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். கதை இதுதான். சொல் கேளாமல் கோட்டையை விட்டுப் போன மகன் திரும்பி வருகிறான். "நான் சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது" என்று அரசன் சபையில் ஆணையிட்டுவிடுகிறான். அரசி அழுகிறாள், அமைச்சர் கெஞ்சுகிறார். வெளியே மகன் பசியோடு கிடக்கிறான். நாலாம் நாள் அரசனே வந்து கதவைத் திறக்கிறான். மகன் செத்துக் கிடக்கிறான். எனக்கு ஒவ்வொரு தடவை படித்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பிப்ரவரி 28க்குள் திருத்தி அனுப்ப வேண்டும். "ஜூன்ல தமிழ் டீச்சர் எடம் காலியாகுதுங்க. நீங்க பாஸ் பண்ணிட்டா உங்களுக்குத்தான்" என்று நான் கிளார்க்காக இருக்கும் தனியார் பள்ளியின் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

23-1-95, திங்கள்

நேற்று சோமனூரில் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"எங்கூட்டுல தெனமும் எழவுதானுங்க. எந்த ஊரு ராசா மகனோ செத்துப்போனான்னு இவ மாசக்கணக்குல அழுதுட்டே எழுதினா. எழுதுனது அவங்களுக்கு வெளங்கலையாட்டம் இருக்குது, திருப்பி அனுப்பிப்போட்டாங்க!"

பந்தியே சிரித்தது. பெரியத்தைக்குப் பாயசம் மூக்கில் ஏறி, நாலு பேர் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அடுத்தவன் காட்டில் கூலி வேலை செய்தவர்கள்தான் எல்லோரும். அதில் காலேஜ் புத்தகத்தைத் தொட்ட முதல் ஆள் நான். அது இவருக்குச் சிரிப்பா? அதே சனங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை இவரோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவரிடமே சொல்லியும் விட்டேன்; இந்தப் பழனியாத்தாள் சொன்னால் சொன்னதுதான்.

25-1-95

அவரும் பேசவில்லை. பக்கத்து வீட்டு வெங்கடம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "வெளையாட்டுக்குச் சொன்னதுக்கெல்லாம் மன்னிப்பா? அவளா வந்து பேசட்டும்."

இனி எது வேண்டுமானாலும் வெங்கடம்மாள் வழியாகத்தான். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சீரியல் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டு எங்கள் வாசலிலேயே நிற்கிறார்.

2-2-95

இன்று ஆய்வு வந்துவிட்டது! 'தன் பிடிவாதம் தன் கண்ணுக்கு மட்டும் தெரியாதவனே துன்பியல் நாயகன்.' எழுதிவிட்டு நாலு முறை வாசித்தேன். என்ன வரி!

அவர் இரண்டு இட்லியோடு எழுந்துபோய்விட்டார். போகட்டும். நான் ஏன் கேட்க வேண்டும்?

6-2-95

பதினைந்து நாள். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

9-2-95

வெங்கடம்மாளின் வேலை இன்று அம்பலமாகிவிட்டது.

முந்தாநாள் "சீமெண்ணெய் தீந்துபோச்சு, வாங்கியாரச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினேன். இவர் மூன்று முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். பூவை ஊற்றியா ஸ்டவ் பற்றவைப்பது? இன்று அந்தம்மாவைப் பிடித்து விசாரித்தேன்.

"சீமெண்ணெய்னா சொல்லுவாங்க கண்ணு? 'நீங்க பேசாம வூடே இருட்டாக் கெடக்குதாம்'னு சொன்னேன். நல்லாத்தானே இருக்குது?"

அது மட்டுமில்லை. ஒரு வாரமாக இவர் "கொழம்புல உப்பே இல்லை" என்று சொல்லச் சொல்லி இருக்கிறார். என்னிடம் வந்தது "கொழம்பு அமிர்தமாட்டம் இருக்குதாம்". நானும் அதே அளவு போட்டே ஒரு வாரம் ஆக்கியிருக்கிறேன்! மனுஷன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறார். அவருக்கும் என்ன பிடிவாதம் பாருங்கள்.

பூவை வைத்துக்கொண்டேன். வாடிப்போனால் வீண்தானே?

12-2-95, ஞாயிறு

யாரோ என் கட்டுரையில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்கள்.

ஆறாம் பக்கத்தில் 'அரசன் மகனை வெறுத்தான்' என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில்: "தப்பு. மூன்று தடவை வந்தான்."

யாரோ என்ன யாரோ! இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், சிமெண்ட் ஆலை கேட்டில் நிற்பவர், எனக்குத் தப்புப் போடுகிறார்! கீழேயே பேனாவால் எழுதினேன்: "இதில் கை வைத்தது யார்?"

13-2-95

பதில் வந்திருக்கிறது. "வாட்ச்மேன்."

கீழே எழுதினேன்: "வாட்ச்மேன் கேட்டைப் பார்த்தால் போதும்."

14-2-95

"கேட்டைத்தான் பார்க்கிறேன். இந்த நாடகமே கேட்டைப் பற்றித்தான்."

என்ன திமிர்! ஆனால்... ஆமாம், கேட்டைப் பற்றித்தான்.

16-2-95, வியாழன்

நாலு நாளாக அந்த 'மூன்று தடவை' மண்டையைக் குடைகிறது. புத்தகத்தை இரண்டு முறை புரட்டியும் எனக்குக் கிடைக்கவில்லை. சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"மூணு தடவை வந்தான்னு எங்கீங்க இருக்குது?"

"நாப்பத்தொம்போதாம் பக்கம்" என்றார் சட்டென்று.

பேசிவிட்டோம்! கழற்றிய சட்டையை அவர் மறுபடியும் மாட்டிக்கொண்டார், ஏனென்று அவருக்கே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து விக்கலாகிவிட்டது. தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மொத நாளு பூட்டு சரியா இருக்குதான்னு பாக்க ராசா வாரான். ரெண்டா நாளும் வாரான். மூணா நாளும் வாரான். பூட்டைப் பாக்கறதுக்கு ஒருக்கா வந்தாப் பத்தாதா, பழனி?"

"அப்பறம் எதுக்குங்க வந்தான்?"

"எங்க பழைய மேஸ்திரி ஒருத்தரு. லேட்டா வாரவனை உள்ள உடாதேன்னு கத்திப்போட்டு, கேட்டுப் பக்கத்துலயே நின்னுட்டிருப்பாரு. நானாப் பாத்து உட்டுப்போட்டா, பாக்காத மாதிரி போயிருவாரு. ராசாவும் அதுக்குத்தான் வந்தான். காவக்காரன் தொறந்திருந்தா நாலு வசவு வெச்சுப்போட்டு மகனைக் கட்டிப் புடிச்சிருப்பான். அந்தக் காவக்காரன் வேலைக்குப் புதுசாட்டம் இருக்குது. எனக்கு அவன் மேலதான் கோவம்."

இந்த மனுஷன் எப்போது நாடகம் முழுவதையும் படித்தார்? கேட்டேவிட்டேன்.

"கேட்டுல சும்மாதானே உக்காந்திருக்கேன். நீ அழுவறியே, அப்படி என்னதான் இருக்குதுன்னு பொங்கலுக்கு முன்னாலயே எடுத்துட்டுப் போயிப் படிச்சேன்." மாட்டிய சட்டையின் பொத்தானைத் திருகினார். "நானும் அழுதுபோட்டேன். லாரிக்காரன் பாத்துட்டான். அது வெளிய தெரியக்கூடாதுன்னுதான் பந்தியில அப்படி... எச்சா பேசிப்போட்டேன், தப்புத்தான் அம்மணி."

சோமனூர் சனங்கள் யாரும் அங்கே இல்லை. எனக்கும் அவர்களைத் தேடத் தோன்றவில்லை.

17-2-95

வெங்கடம்மாளுக்குத்தான் மனசே சரியில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேக்காம பேசிட்டீங்களே!" ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

24-2-95

பழையதைக் கிழித்துவிட்டு முழுவதும் புதிதாக எழுதினேன். 'பிடிவாதக்காரன் கதவைத் திறக்க விரும்பாதவன் அல்லன்; இன்னொருவர் திறக்கட்டும் என்று கதவருகிலேயே நிற்பவன்' என்று தொடங்கி, அரசன் வந்த மூன்று தடவையும் அவன் என்ன பேசினான், யாரைப் பார்த்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினேன். எட்டே பக்கம். காவலனுக்கு மட்டும் இரண்டு பக்கம், அதற்குக் குறைக்க இவர் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.

20-3-95

இருபத்தைந்துக்குப் பத்தொன்பது!! சிவப்பு மையில்: "காவலன் பற்றிய பார்வை சிறப்பு. எந்த ஆய்வு நூலிலிருந்து எடுத்தது? ஆசிரியர் பெயர் தருக."

நானே யோசித்தேன் என்று எழுதிவிடலாமா? ஒரு மணி நேரம் போஸ்ட்கார்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதிவிட்டேன்: 'நூல் இல்லை. பெயர்: கா. காளிச்சாமி, வாயிற்காவலர், மதுக்கரை.'

தபாலில் போடும் முன் அவரிடம் காட்டினேன். "ஏம் புள்ள, மார்க்கைப் புடுங்கிக்கிட்டா?" என்று பதறினார். பிறகு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கித் தபாலில் போடுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

20-4-95

மார்க்கை யாரும் பிடுங்கவில்லை. பதிலும் வரவில்லை.

2-6-95

பாஸ். எல்லாத் தாளிலும். தலைமையாசிரியை கையாலேயே ஆர்டர் கொடுத்தார்.

14-6-95, புதன்

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு. பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்குப் பாடம் நடத்திவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால், நான் கேட்டிருந்த எம்.ஏ. விண்ணப்பத்தை வாங்கிவந்து வைத்திருந்தார். அதன் அடியில் இன்னொன்று. பத்தாவது முடித்தவர்கள் அஞ்சலில் சேர்ந்து படிக்கும் தொடக்கப் படிப்புக்கானது. பெயர் என்ற இடத்தில் பென்சிலால் 'கா' என்று எழுதி அழித்திருந்தது.

"இது யாருக்குங்க?"

"கவுண்ட்டர்ல ரெண்டாக் குடுத்துப்போட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மூடியைக் கழற்றிய என் பேனாவை அந்தத் தாள் மேல் வைத்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டேன்.