நீ சிரித்த ஞாயிற்றுக்கிழமை

வேங்கிக்கால்,
6-9-1982

அன்புள்ள ரேணுகாவுக்கு,

உன் அத்தை ஜோதியம்மாள் எழுதுகிறேன். அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மாமாவுக்கு இருமல் கம்மி. இரண்டு நாள் பெய்த மழையில் கொல்லையில் விதைத்த மல்லாட்டைக் கடலைச் செடி தலை நிமிர்ந்துவிட்டது. கறுப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஆரணியில் உன் அண்ணன் சக்கரபாணியும் அண்ணியும் குழந்தைகளும் சுகந்தானே?

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போளூர் வாத்தியார் வீட்டில் உன்னைக் கேட்டு வந்ததையும், நீ முடியாது என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். 'அன்னைக்கு டேம்ல நான் சிரிச்சிருக்கக் கூடாது அத்தை. அதனாலதான் இவ்ளோ பேச்சும். இனிமே எனக்கு எந்த நல்லதும் வேணாம்' என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மாமாவுக்கு நான் படித்துக்காட்டவில்லை. விட்டுவிட்டு மேலே படித்தேன்.

உன்னைச் சாத்தனூர் டேமுக்குக் கூப்பிட்டவள் நான்தான் அம்மா. என் பிள்ளை மூர்த்தியை மோட்டார் கொட்டகையில் கரண்டு அடித்துக் கொண்டுபோன நாளிலிருந்து நீ வாசற்படி தாண்டவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். கோயிலுக்குக் கூப்பிட்டேன், பார்க்கிறவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்றாய். சினிமாக் கொட்டகை என்றதும் காதைப் பொத்திக்கொண்டாய். டேம் என்றபோது மட்டும் மறுக்கவில்லை. பஸ் செலவோடு முடிகிற இடம், கட்டிக்கொண்டு போவது நம் வீட்டுப் புளிச்சோறு, நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன்.

டேம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் சிமெண்டுப் பொம்மை என்று என் மங்கின கண்ணுக்குத் தெரியவில்லை. 'கொஞ்சம் நவுந்து உக்காரும்மா, கால் வலிக்குது' என்று அதனிடம் கேட்டேன். அது அசையவில்லை. 'காது கேக்கலையா உனக்கு?' என்று சண்டைக்கே போய்விட்டேன். அப்போதுதான் நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

நான் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் பக்கத்தில் பார்த்தேன். மூர்த்தி ஏதோ சொல்லி உன்னைச் சிரிக்க வைத்துவிட்டான் என்றே நினைத்தேன். அடுப்பங்கரையில் நீங்கள் இருவரும் அப்படித்தானே சிரிப்பீர்கள். பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை ரேணுகா. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றுதான் இருந்தது.

நம் தெருப் பச்சையம்மாள் அதே நாளில் தன் பேரப்பிள்ளைகளோடு அங்கே வந்திருந்தது நம் நேரம். 'புள்ள போயி வருஷம் திரும்பல, மாமியாளும் மருமவளும் டேம்ல உக்காந்து மீன் தின்னுட்டு சிரிக்கிறாங்க' என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அது ஆரணி வரைக்கும் போய், உன் அண்ணன் வந்து உன்னை அழைத்துப்போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தங்கைக்காக வந்த மனுஷன்.

நேற்று வீட்டில் இருக்க முடியவில்லை. மாமாவிடம்கூடச் சொல்லாமல் டேமுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். செங்கத்திலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பெண் தன் பாயில் எனக்கு இடம் கொடுத்தாள். 'யார்கூட வந்தீங்கம்மா?' என்று கேட்டாள். 'என் பொண்ணுகூட வந்தேன். முதலை பாக்கப் போயிருக்குது, இப்ப வந்துடும்' என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் வாங்கிய வறுத்த மீனில் இரண்டு துண்டை இலையில் மடித்து, 'உங்க பொண்ணு வந்தா குடுங்க' என்று என் கையில் வைத்தாள். அவர்கள் எழுந்து போகும்வரை முதலைப் பண்ணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமா வாசலில் நின்றார். எங்கே போனாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் படிக்காமல் விட்ட வரியையும் சொன்னேன். மூர்த்தி போனதிலிருந்து வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவர், 'அது போளூர்ல இருந்து சிரிச்சா நமக்குக் கேக்காது. கேக்காட்டிப் போவுது. சிரிக்கட்டும்னு எழுது' என்றார். அந்த மீனைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்து, தானும் தின்றார்.

அதனால்தான் காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். வாத்தியாரும் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர் என்று எழுதியிருந்தாய். வீடு வெறிச்சென்று கிடப்பது என்னவென்று அவருக்கும் தெரியும். உன்னை நல்லபடி வைத்துக்கொள்வார். எங்களை நினைத்துத் தயங்காதே. இரண்டு பேருக்குச் சமைப்பது எனக்குப் பழகிவிட்டது.

நீ நிறைந்த ஆயுசோடு, பிள்ளை குட்டியோடு இருக்கவேண்டும். இன்றைக்கே அண்ணனிடம் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. எனக்குத் தெரிவிக்க அவசரமில்லை.

இப்படிக்கு,
உன் வாழ்வை வேண்டும்,
ஜோதியம்மாள்